தட்டுக்கு நேரே

ஒத்தக்கடை தாண்டி இடப்பக்கம்
ஒரு பழைய கல்யாண மண்டபத்தை
அறிவியல் கூடமாக்கியிருக்கிறார்கள்.
'மணமகள் அறை' என்றிருந்த கதவில்
இப்போது 'ஒளியியல்'.
பெரியவருக்கு முப்பது. ஐந்து வயதுக்குக் கீழே இலவசம்.
சோனேஷுக்கு நாலு முடியலை என்றேன்.
அவன் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினான்.

உள்ளே முதல் பலகை: தொட்டுப் பாருங்கள்.
துணிக்கடையில் தொடாதே,
பேங்கில் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நில் என்று
பழகிப்போன கை.
சட்டையில் ஒருதரம் துடைத்துக்கொண்டேன்.

சுடர்க்கொடியும் நானும் பேசி நாலு நாள்.
தம்பி வாங்கிய கடனுக்கு
நான் போட்ட ஒரு கையெழுத்து. நாற்பதாயிரம்.
அன்றிலிருந்து பேச்செல்லாம் நாச்சியார் வழியாகத்தான்.
"அப்பாட்ட கேளு, ரசம் ஊத்தவான்னு."
"அம்மாட்டச் சொல்லு, போதும்னு."
ஒரே பாயில்தான் உட்கார்ந்திருப்போம் மூவரும்.
ஒன்பது வயதில்
இரண்டு பக்கமும் தலை திருப்பித் திருப்பி
சோறு ஆறிவிடும் அவளுக்கு.

பெரிஸ்கோப்பில் கண் வைத்தால்
சுவருக்கு அப்பால் யானைமலை.
படுத்த யானை படுத்தபடியே.
"எந்திரிச்சா சொல்லு" என்று சோனேஷ் எனக்கு வேலை கொடுத்துவிட்டு
காந்தத்திடம் ஓடினான்.
பாதி எந்திரங்களில் 'பழுது' என்று காகிதம் ஒட்டியிருந்தது.

நிலாவில் உங்கள் எடை என்ன?
ஏறி நின்றேன்.
இங்கே எழுபத்து நாலு, அங்கே பன்னிரண்டு சொச்சம்.
கடன் பத்திர நகலைப் பைக்குள் வைத்தபடிதான் ஏறினேன்.
அதற்கென்று எதுவும் கழிக்கவில்லை.

சுழலும் முக்காலியில் சுடர்க்கொடியை உட்காரவைத்து
கைக்கு ஒரு இரும்புக் குண்டு கொடுத்தாள்
விளக்கம் சொல்லும் பெண், ஜெனோவா.
கையை விரித்தால் மெதுவாகச் சுற்றும்,
நெஞ்சோடு இழுத்தால் வேகம்.
இழுத்துவிட்டாள்.
நாலு நாளில் முதல் சிரிப்பு!
என் பக்கம் வரும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டு
சுவர்ப்பக்கம் திரும்பியதும் மறுபடி சிரித்தாள்.
அந்த வேகத்திலும் அது முடிந்தது அவளுக்கு.

கடைசியில் பந்தி நடந்த கூடம்.
இந்தக் கோடியில் ஆள் உயர உலோகத் தட்டு,
அந்தக் கோடியில் அதே மாதிரி இன்னொன்று.
"இதுல குசுகுசுன்னு பேசினா அதுல கேக்கும்.
நடுவுல நிக்கிறவங்களுக்குக் கேக்காது" என்றாள் ஜெனோவா.
நாச்சியார் என்னை இழுத்து இங்கே நிறுத்தினாள்.
அவள் அம்மாவைத் தள்ளிக்கொண்டுபோய் அங்கே.
பிறகு தானாகவே நடுவில் வந்து நின்றுகொண்டாள்,
எப்போதும் நிற்கிற இடத்தில்.

ஒருவருக்கொருவர் முதுகு காட்டித்தான் பேச வேண்டும்.
அதுவரை சரி.
என்ன பேச?
மன்னிப்பு என்ற வார்த்தை நாக்கு வரை வந்து
பிரேக் போட்டது.
பன்னிரண்டு வருஷம் ஷேர் ஆட்டோ ஓட்டிய வாய்,
தெரிந்ததைச் சொன்னது:
"சிம்மக்கல், கோரிப்பாளையம், ஒத்தக்கடை,
ஒரு ஆள் ஒரு ஆள்…"

தட்டு சும்மா இருந்தது.
எங்கோ ஒரு பிள்ளை மணி அடித்தது.
பிறகு என் காதுக்குள்ளேயே,
இரவில் விளக்கணைத்த பிறகு கேட்கிற பக்கத்தில்,
"எங்களுக்கு பஸ்ஸே ஓசிதான்."

"பஸ்ல உக்கார இடம் கிடைக்காதும்மா."

"உங்க ஆட்டோவுல ஏறினா
கண்ட எடத்துல கையெழுத்துப் போடுவீங்களாமே."

சிரிக்கவில்லை அவள். நானும்.
வட்டி எவ்வளவு என்று கேட்டாள். சொன்னேன்.
தம்பி மாசாமாசம் கட்டுறாரா என்றாள்.
ஒரு மாசம் கட்டினான் என்றேன்.
பெருமூச்சுகூடத் தெளிவாக வந்து சேர்ந்தது,
அறுபதடி தாண்டி, ஒன்றும் சிந்தாமல்.

பின்னால் வரிசை நீண்டது.
ஒரு பையன் என் இடுப்பில் இடித்து
"அங்கிள், எங்களுக்கும்" என்றான்.

திரும்பும்போது மாட்டுத்தாவணி சிக்னலில்
நாச்சியார் முன்சீட்டுக் கம்பியில் மோவாயை வைத்து
"என்ன பேசினீங்க? எனக்கு ஒண்ணுமே கேக்கலை" என்றாள்.
கோபமாகத்தான் கேட்டாள்.
கேட்டுவிட்டு,
பதிலுக்கு நிற்காமல் தூங்கிப்போனாள்.
சோனேஷ் மட்டும் பின்பக்கம் பார்த்தபடி:
"இன்னும் எந்திரிக்கலை."